ஒரு மணி நேரத்தில் ஒரு கொலை

கேள்வி இதுதான்: “1930, 40களில் ஹாலிவுட்டில் மலிவாக எடுத்த துப்பறியும் படங்களை இன்றும் சிலர் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? நான் இரண்டு பார்த்தேன். செட் ஆடுகிறது, கதையில் ஓட்டை, கொலைகாரன் யார் என்று பாதியிலேயே தெரிந்துவிட்டது.”

மூன்று குற்றச்சாட்டையும் ஒப்புக்கொள்கிறேன். செட் ஆடும். கதையில் ஓட்டை இருக்கும். கொலைகாரன் பெரும்பாலும், எல்லாருக்கும் ஒத்தாசை செய்துகொண்டு ஓரமாக நிற்கிற அந்த நல்ல மனிதர்தான். பத்துப் படம் பார்த்தால் அவரை வாசலிலேயே அடையாளம் தெரிந்துவிடும். எனக்குப் பாதிப் படங்களில் கொலைகாரன் யார் என்பதே மறந்துபோய்விட்டது; அந்த மறதியால் ஒரு நஷ்டமும் இல்லை. கையில் காசு கிடையாது, பத்துப் பன்னிரண்டு நாளுக்கு மேல் அவகாசமும் கிடையாது. அதற்குள் ஒரு முழுக் கதையை எப்படிச் சொல்லி முடித்தார்கள் என்று பார்ப்பதில்தான் எனக்கு ருசி. திரையில் ஒருவர் துப்பறிந்துகொண்டிருப்பார். இந்தப் பக்கம் நான் வேறொன்றைத் துப்பறிந்துகொண்டிருப்பேன்.

இந்தப் படங்கள் எதற்காகப் பிறந்தன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். 1929 பங்குச் சந்தை சரிவுக்குப் பிறகு அமெரிக்காவில் தியேட்டருக்கு வரும் கூட்டம் குறைந்தது. கூட்டத்தை இழுக்க, ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் காட்டத் தொடங்கினார்கள். ஒன்று நட்சத்திரங்கள் நடித்த பெரிய படம். கூடவே ஓடுவது ‘பி’ படம். பெரிய படத்துக்கு வசூலில் பங்கு உண்டு. பி படத்துக்குப் பெரும்பாலும் இவ்வளவு டாலர் என்று முன்னாலேயே பேசிவிட்ட வாடகைதான். படம் பிரமாதமாக வந்தாலும் அதே காசு, சுமாராக வந்தாலும் அதே காசு. அப்படியானால் லாபம் எங்கே இருக்கிறது? செலவைக் குறைப்பதில் மட்டுமே. படம் 60, 70 நிமிடத்துக்குள் முடிந்ததற்கும், ஷூட்டிங் ஒன்றிரண்டு வாரத்தில் முடிந்ததற்கும் இந்த ஒரு கணக்குதான் காரணம்.

பெரிய ஸ்டூடியோக்கள் இதற்கென்றே தனிப் பிரிவு வைத்திருந்தன. வார்னர் பிரதர்ஸில் அதைக் கவனித்தவர் பிரையன் ஃபாய். அவருக்கு ‘பி-க்களின் காவலர்’ என்று பட்டப்பெயர். ஆங்கிலத்தில் ‘பி’ என்றால் காதுக்குத் தேனீ என்றும் விழும் என்பதால் தேனீ வளர்ப்பவர் என்றும் அர்த்தம் வரும். ஃபாக்ஸில் சால் வுர்ட்செல். அவர் பெயரை வைத்து ஸ்டூடியோவுக்குள் ஒரு கேலி உண்டு: நிலைமை மோசத்திலிருந்து வுர்ட்செலுக்குப் போய்விட்டது என்பார்கள். இவர்களுக்கும் கீழே, ஹாலிவுட்டில் கோவர் தெருவை ஒட்டிக் கிடந்த சின்னக் கம்பெனிகள். அந்த வட்டாரத்துக்கே ‘பாவர்ட்டி ரோ’, அதாவது தரித்திரத் தெரு என்று பெயர். செஸ்டர்ஃபீல்டு, மெஜஸ்டிக், மோனோகிராம், பிறகு பிஆர்சி. இன்று பெரிய பெயராக இருக்கும் கொலம்பியாவும் அந்தத் தெருவில் தொடங்கியதுதான்.

கையில் காசில்லாதவன் எடுக்கத் துப்பறியும் கதையைப் போல வசதியான சரக்கு வேறு இல்லை. வெஸ்டர்னுக்கு, அதாவது கௌபாய் படத்துக்கு, வெயில் இலவசம், ஆனால் குதிரைக்கும் அதை ஓட்டுகிறவனுக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். பாட்டுப் படத்துக்கு நாற்பது பெண்கள் ஆட வேண்டும். கொலைக் கதைக்கு ஒரு வீடு, எட்டுப் பேர், வெளியே மழைச் சத்தம் போதும். பிணமாக நடிப்பவர் முதல் ரீலிலேயே சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். பேசும் படம் வந்த புதிதில் மைக்கை அங்கே இங்கே நகர்த்த முடியாது, கேமராவும் அதோடு கட்டுண்டு நின்றது. அறைக்குள் எல்லாரையும் உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேள்வி கேட்கும் கதை அந்தக் காலத்துக்கென்றே அளந்து தைத்த சட்டை போல இருந்தது.

செட் ஆடுகிறது என்று சொன்னீர்களே, ஒரு உதாரணம் தருகிறேன். 1933ல் மெஜஸ்டிக் கம்பெனி ‘தி வாம்பயர் பேட்’ என்று ஒரு படம் எடுத்தது. ஒரு கிராமத்தில் ஒவ்வொருவராக ரத்தம் இழந்து சாகிறார்கள், காரணம் பேயா மனிதனா என்று ஒரு போலீஸ்காரர் விசாரிக்கிறார். பார்த்தால் செட்டெல்லாம் படு அமர்க்களமாக இருக்கும். இவ்வளவு சின்னக் கம்பெனிக்கு இது எப்படிக் கட்டுப்படியானது என்று தோன்றும். பகலில் யூனிவர்சல் ஸ்டூடியோ தன் வேலையை முடித்துக்கொண்டு போனதும், ராத்திரியில் இவர்கள் அங்கே வாடகைக்குப் புகுந்து, ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்துக்குப் போட்ட கிராமத்துத் தெருவிலும் ‘தி ஓல்டு டார்க் ஹவுஸ்’ படத்துக்குக் கட்டிய வீட்டிலும் ஷூட்டிங் நடத்தியிருக்கிறார்கள். இது தெரிந்த பிறகு அந்தப் படத்தை வேறு மாதிரித்தான் பார்ப்பீர்கள். அந்த மாடிப்படியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று மனசு அரிக்கும். எனக்கு இது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. கதாநாயகி கத்திக்கொண்டு ஓடும்போது அவளை விட்டுவிட்டுப் பின்னால் இருக்கும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படி எடுத்ததில் குப்பைதான் நிறைய. அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவசரமும் சிக்கனமும் நல்ல கையில் சிக்கியபோது என்ன ஆகும் என்பதற்கு, 1933ல் வார்னர் எடுத்த ‘தி கென்னல் மர்டர் கேஸ்’ஸைப் பாருங்கள். பாவர்ட்டி ரோ படம் இல்லை, கொஞ்சம் மேல் தட்டு. ஆனாலும் 73 நிமிடம்தான். இயக்கியவர் மைக்கேல் கர்ட்டிஸ், ஒன்பது வருடம் கழித்து ‘காஸாபிளாங்கா’ எடுத்தவர். துப்பறிவாளர் ஃபைலோ வான்ஸாக வில்லியம் பவல். ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறப் போகிறவருக்கு, நாய்க் கண்காட்சியில் சமீபத்தில் சந்தித்த ஒரு பணக்காரர் தற்கொலை செய்துகொண்டார் என்று செய்தி வருகிறது. பயணத்தை ரத்து செய்துவிட்டு இறங்கி வருகிறார். படுக்கையறை உள்பக்கம் தாழிட்டிருக்கிறது. பிணம் நாற்காலியில், கையில் துப்பாக்கி.

பூட்டிய அறைக்குள் கொலை எப்படி நடந்தது என்று விளக்கும் இடம்தான் எனக்குப் பிடித்தது. வெளியிலிருந்து தாழ்ப்பாளைப் போட ஒரு ஊசியும் நூலும் போதும் என்று வான்ஸ் எல்லார் கண்முன்னாலும் செய்து காட்டுவார். இன்றைய படமாக இருந்தால் அதற்கு இருபது ஷாட், பின்னணியில் டமார் டமார் என்று இசை. இங்கே நூலைக் கட்டுகிறார், கதவைச் சாத்துகிறார், இழுக்கிறார், தாழ்ப்பாள் விழுகிறது. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து விஞ்ஞான வாத்தியார் சோதனை செய்து காட்டியது போல இருக்கும். அதற்கப்புறம் அந்த வீட்டையும் பக்கத்து வீட்டையும் பொம்மை மாதிரியாகச் செய்து வைத்துக்கொண்டு யார் எந்த ஜன்னலில் நின்றார் என்று சொல்லுவார். நடந்ததைத் திரும்பக் காட்டும்போது கேமராவே கொலைகாரனின் கண்ணாகிவிடும். முகத்தைக் காட்டாமல் மறைக்க அதைவிட மலிவான வழி கிடையாது, அதைவிட நல்ல வழியும் கிடையாது.

அப்புறம் தொடர்கள். ஒரு துப்பறிவாளர் பிரபலமாகிவிட்டால் விடவே மாட்டார்கள். ஹொனலுலு போலீஸைச் சேர்ந்த சீனத் துப்பறிவாளர் சார்லி சானாக வார்னர் ஓலாண்ட் 16 படம் நடித்தார், அவருக்குப் பின் சிட்னி டோலர் 22, அதற்கும் பின் ரோலண்ட் விண்டர்ஸ் 6. ஷெர்லாக் ஹோம்ஸாக பேஸில் ராத்போன் 14. திருடனாக இருந்து திருந்திய பாஸ்டன் பிளாக்கியாக செஸ்டர் மோரிஸும் 14. தொழிற்சாலை என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் தொழிற்சாலையில் இயந்திரம் திடீரென்று நின்றால் அவர்கள் சமாளித்த விதம் இருக்கிறதே, அது கதையை விடச் சுவாரசியம்.

1938 ஜனவரியில் ஃபாக்ஸில் ‘சார்லி சான் அட் தி ரிங்சைடு’ என்ற படம் தொடங்கியது. குத்துச்சண்டை மேடையில் கொலை. சில நாளிலேயே ஓலாண்ட் ஷூட்டிங்கை விட்டுவிட்டுப் போய்விட்டார். குடியும் உடல்நிலையும் அவரைத் தின்றுகொண்டிருந்த காலம். (அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்வீடனில் இறந்துபோனார்.) செட் போட்டாயிற்று, நடிகர்களுக்குச் சம்பளம் பேசியாயிற்று, எடுத்த காட்சிகளும் கையில் இருக்கின்றன. ஸ்டூடியோ என்ன செய்தது? பீட்டர் லாரி நடித்துக்கொண்டிருந்த இன்னொரு தொடரின் ஜப்பானியத் துப்பறிவாளர் மிஸ்டர் மோட்டோவை இழுத்து வந்து அந்தக் கதைக்குள் நிறுத்தியது. படத்தின் பெயர் ‘மிஸ்டர் மோட்டோஸ் கேம்பிள்’. சரி, சானின் மகன் லீயாக நடித்த கீ லூக்கை என்ன செய்வது? அவரையும் விடவில்லை. மோட்டோ நடத்தும் குற்றவியல் வகுப்பில் லீ சான் ஒரு மாணவன் என்று ஆக்கிவிட்டார்கள். அப்பா வராத படத்தில் பிள்ளை மட்டும் வந்து பாடம் படிக்கிறான். இத்தனை ஒட்டுப் போட்டும் மோட்டோ வரிசையில் நன்றாக ஓடும் படங்களில் இதுவும் ஒன்று.

ஆர்கேஓ ஸ்டூடியோவில் இன்னொரு கூத்து. ‘தி ஃபால்கன்’ என்ற துப்பறிவாளர் தொடரில் நடித்து அலுத்துப்போன ஜார்ஜ் சாண்டர்ஸ் விலகிக்கொள்ள நினைத்தார். அவருடைய சொந்த அண்ணன் டாம் கான்வேயும் நடிகர். 1942ல் ‘தி ஃபால்கன்ஸ் பிரதர்’ என்று ஒரு படம் எடுத்து, அண்ணன் தம்பி இருவரையும் அண்ணன் தம்பியாகவே நடிக்க வைத்து, கடைசியில் சாண்டர்ஸின் பாத்திரத்தைக் கொன்று, தொடரை கான்வே கையில் ஒப்படைத்துவிட்டார்கள். ஒரு நடிகர் வேலையை விட்டுப் போவதே ஒரு படத்தின் கதையாகிவிட்டது. காசு மிச்சம் பிடிக்கிறவன் எதையும் வீணாக்க மாட்டான்.

அந்தத் தொடரில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ரேமண்ட் சாண்ட்லரின் ‘ஃபேர்வெல் மை லவ்லி’ நாவல் முதன்முதலில் படமானது 1942ல், ‘தி ஃபால்கன் டேக்ஸ் ஓவர்’ என்ற பெயரில், நாவலின் துப்பறிவாளர் பிலிப் மார்லோ இருக்க வேண்டிய இடத்தில் ஃபால்கனை வைத்து. அதே ஆண்டு அவருடைய ‘தி ஹை விண்டோ’ நாவலும் ஃபாக்ஸில் மைக்கேல் ஷேன் என்ற வேறொரு துப்பறிவாளரின் படமாக, ‘டைம் டு கில்’ என்று வந்தது. பின்னால் பெரிய பெயர் வாங்கிய மார்லோ, வேறு ஆட்களின் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் திரைக்கு வந்தான்.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். செட்டில் மூன்று சுவர்தான் இருக்கிறதென்றால் இரண்டை இருட்டில் விட்டுவிடலாம். 1940ல் ஆர்கேஓ எடுத்த 64 நிமிடப் படம் ‘ஸ்ட்ரேஞ்சர் ஆன் தி தேர்டு ஃபுளோர்’. ஒளிப்பதிவு நிக்கோலஸ் முசுராக்கா. அதில் ஒரு கனவுக் காட்சி. சாய்ந்த நிழல்களும் வெற்று வெளியும் தவிர வேறொன்றும் கிடையாது. பின்னால் ‘ஃபிலிம் நுவார்’ என்று பெயர் பெற்ற, இருண்ட குற்றக் கதை வகையின் முதல் படம் எது என்று பேசும்போது பலரும் இதைத்தான் காட்டுகிறார்கள். ஜோசப் எச். லூயிஸ் என்ற இயக்குநருக்கு ‘வண்டிச்சக்கர ஜோ’ என்று பெயர். மலிவு வெஸ்டர்ன்கள் எடுக்கும்போது காட்சி சப்பென்று இருந்தால் கேமராவுக்கு முன்னால் ஒரு வண்டிச் சக்கரத்தை வைத்து அதன் ஆரங்களுக்கு நடுவே படம் பிடிப்பாராம். அதே மனிதர் 1945ல் கொலம்பியாவுக்காக எடுத்த ‘மை நேம் இஸ் ஜூலியா ராஸ்’ 65 நிமிடம். வேலைக்குச் சேர்ந்த பெண் கண் விழித்தால் வேறு வீடு, வேறு பெயர், உன் புருஷன் நான்தான் என்று ஒருவன் நிற்கிறான். அந்தப் படத்தில் ஒரு நிமிடத்தைக்கூட வெட்ட முடியாது.

கொலம்பியாவின் ‘தி விஸ்லர்’ தொடர் (1944 முதல் 48 வரை, 8 படம்) இதைவிடச் சிக்கனம். வானொலி நாடகத்திலிருந்து வந்தது. கதையைச் சொல்பவர் வெறும் நிழல். தொப்பி வைத்த ஒரு நிழல் சுவரில் விசிலடித்துக்கொண்டு போகும். அவருக்கு முகமே கிடையாது. முதல் ஏழு படங்களிலும் ரிச்சர்ட் டிக்ஸ் நடித்தார், ஆனால் ஒவ்வொன்றிலும் வேறு ஆள். ஒன்றில் பாவப்பட்டவர், இன்னொன்றில் கொலைகாரர். ஆகையால் இவர் நல்லவரா என்று உள்ளே போகும்போது தெரியாது. முதல் படத்தில், மனைவி இறந்த துக்கத்தில் தன்னைக் கொல்லத் தானே ஆள் ஏற்பாடு செய்துவிட்டு, அவள் உயிரோடு இருக்கிறாள் என்று தெரிந்ததும் அந்த ஏற்பாட்டை நிறுத்த முடியாமல் தவிப்பார். கேள்விப்பட்டாலே பார்க்கத் தோன்றுகிறதல்லவா?

இனி ஒரு கசப்பான விஷயம். இதை விழுங்கிவிட்டு ரசிக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. சார்லி சானாக நடித்த ஓலாண்ட் ஸ்வீடனில் பிறந்தவர். டோலரும் விண்டர்ஸும் வெள்ளைக்காரர்கள். சீனர் கெட்டிக்காரராக, மரியாதைக்குரியவராக வருவது அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம்தான். ஆனால் அந்த வேடத்தைச் சீனருக்குக் கொடுக்கவில்லை. மோனோகிராம் படங்களில் கறுப்பின நடிகர் மான்டன் மோர்லாண்டுக்குப் பயந்து நடுங்கும் டிரைவர் வேடம்தான். நகைச்சுவையை எந்த நொடியில் போட வேண்டும் என்ற அவருடைய கணக்கு அபாரம், சிரித்துவிடுவீர்கள். சிரித்த பிறகு வாய் கசக்கும்.

ஆனால் பெரிய முதலாளிகளின் கண் அதிகம் படாத மூலை என்பதாலேயே சில கதவுகளும் இங்கேதான் திறந்தன. மோனோகிராமில் போரிஸ் கார்லாஃப் ஐந்து படம் மிஸ்டர் வாங் என்ற சீனராக நடித்த பிறகு, 1940ல் ஆறாவது படமான ‘ஃபேண்டம் ஆஃப் சைனாடவுன்’னில் அந்த வேடம் கீ லூக்குக்குப் போனது. சானின் மகனாக ஓடியாடிக்கொண்டிருந்தவர் ஒரு வழியாகத் துப்பறிவாளர் ஆனார். 1937ல் பாரமவுண்ட் எடுத்த 62 நிமிடப் படம் ‘டாட்டர் ஆஃப் ஷாங்காய்’. அதில் ஆட்கடத்தல் கும்பலைப் பிடிக்கப் போகிறவள் அன்னா மே வாங், கூட நிற்கும் அதிகாரி கொரிய வம்சாவளி நடிகர் ஃபிலிப் ஆன். பெரிய நட்சத்திரப் படங்களில் அந்த ஜோடியை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பெண்கள் விஷயமும் இப்படித்தான். 1932ல் ‘பெங்குவின் பூல் மர்டர்’ என்ற படத்தில், பிள்ளைகளை மீன் காட்சிசாலைக்கு அழைத்து வந்த பள்ளி ஆசிரியை, பெங்குவின் தொட்டியில் பிணம் விழுந்ததும், குடையும் கையுமாகத் தானே விசாரணையைக் கையில் எடுத்துக்கொள்கிறாள். நடித்தவர் எட்னா மே ஆலிவர். அழகி இல்லை, இளமை இல்லை, குதிரை முகம் என்று அவரைப் பற்றி எழுதுவார்கள். அவர் ஒரு புருவத்தைத் தூக்கினால் இன்ஸ்பெக்டர் வாயை மூடிக்கொள்வார். அப்படி ஒரு நடுவயதுப் பெண்ணை நாயகியாக வைத்து இன்று எத்தனை பேர் படம் எடுப்பார்கள்?

1948ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில், ஸ்டூடியோக்கள் தங்கள் படங்களைக் கட்டுக்கட்டாகத் தியேட்டர் தலையில் கட்டக் கூடாது என்றது. கூடவே டிவியும் வந்தது. பி படங்களின் காலம் முடிந்தது. பழைய பிரிண்டுகளை டிவிக்காரர்கள் வாங்கி இரவு நேரத்தை நிரப்பினார்கள். சான் வரிசையில் ஓலாண்ட் நடித்த முதல் ஐந்தில் இன்று மிஞ்சியிருப்பது ‘தி பிளாக் கேமல்’ ஒன்றுதான். முதல் படம் தொலைந்துவிட்டது. அதே கதையை அதே சமயத்தில் ஸ்பானிஷ் நடிகர்களை வைத்து எடுத்த ‘எரான் ட்ரெஸே’ மட்டும் தப்பியிருக்கிறது. இன்னொரு பக்கம், அன்றைய சட்டப்படி காப்புரிமையை 28 வருடத்தில் புதுப்பிக்க வேண்டும். பல படங்களுக்கு அதைச் செய்ய யாருமில்லை, கம்பெனியே மூடியாயிற்று. அதனால்தான் இவற்றில் நிறையப் படங்கள் அமெரிக்காவில் பொதுச் சொத்தாகி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பிரிண்ட் பல சமயம் படுமோசம், முகமெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். செட் ஆடுகிறது என்று தோன்றுவதில் கொஞ்சம் பங்கு அந்தப் பிரிண்டுக்கும் உண்டு. நல்ல பிரிண்டாகத் தேடிப் பாருங்கள்.

எதில் தொடங்குவது? முதலில் ‘கென்னல் மர்டர் கேஸ்’. அடுத்து ராத்போனின் ‘டெரர் பை நைட்’ (1946). லண்டனிலிருந்து எடின்பரோ போகும் ரயில், ஒரு வைரம், சரியாக ஒரு மணி நேரம். ரயில் நிற்பதற்குள் கதை முடிய வேண்டும் என்ற நெருக்கடி ஹோம்ஸுக்கும் இருக்கும், படம் எடுத்தவருக்கும் இருந்திருக்கும். பிறகு ‘சார்லி சான் அட் தி ஓபரா’ (1936), ஓலாண்டுக்கு எதிரே கார்லாஃப். இந்த ஒரு படத்துக்காகவே ஆஸ்கார் லெவன்ட் ஒரு ஓபரா இசையமைத்தார். மலிவுப் படத்துக்கு அது என்ன கேடு என்று யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அப்புறம் ‘ஜூலியா ராஸ்’, ‘தி விஸ்லர்’. மோனோகிராமைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். அதற்குள் பழகியிருக்கும்; கதவை அறைந்து சாத்தும்போது சுவர் ஆடினால் ரிமோட்டைத் தேட மாட்டீர்கள், பத்து வினாடி பின்னால் போய் இன்னொரு முறை பார்ப்பீர்கள்.